‘ஜானி ஸ்டெக்கினோ’ டிவிடி வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

ராபர்டோ பெனினி இயக்கி நடித்த ‘ஜானி ஸ்டெக்கினோ’ (1991) என்ற இத்தாலியக் காமெடிப் படம் என்று சொல்லி ஆன்லைனில் 1,499 ரூபாய்க்கு விற்கப்பட்ட ஒரு டிஸ்க்கைப் பற்றிய எச்சரிக்கை இது. விற்பனைப் பக்கத்தில் ஐந்து விஷயங்கள் கொட்டை எழுத்தில் இருந்தன: முழுப் படம், இத்தாலிய ஒலி, ஆங்கில சப்டைட்டில், ஒரிஜினல் இறக்குமதி, ஆஸ்கர் வென்ற படம். இதில் ஒலி ஒன்றுதான் நிஜம். வந்து சேர்ந்தது 100 நிமிடச் சொச்சம் ஓடும் குறைந்த பதிப்பு. அதுவும் யாரோ கம்ப்யூட்டரில் ரைட் செய்த டிஸ்க். சப்டைட்டில் படத்தோடு ஒட்டவே இல்லை. திருப்பி அனுப்பக் கேட்டால், “சீல் உடைத்த டிஸ்க்கை எடுப்பதில்லை” என்று பதில். சீல் உடைக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பதாம்?

முதலில் அந்த ஆஸ்கர் கதையை முடித்துவிடலாம். பெனினிக்கு ஆஸ்கர் கிடைத்தது ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ (1997) படத்துக்கு, 1999இல் நடந்த விழாவில். ‘ஜானி ஸ்டெக்கினோ’ இத்தாலியில் வசூலை அள்ளிய படம்; ஆஸ்கருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அட்டையில் தங்கச் சிலை அச்சாகியிருந்தால் அந்த அட்டையை இத்தாலியில் யாரும் அச்சடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு குழப்பமும் நடக்கிறது. 1994இல் வந்த ‘இல் மோஸ்ட்ரோ’வும் பெனினியின் ஆள்மாறாட்டக் காமெடிதான். அதிலும் நிக்கொலெட்டா பிராஸ்கிதான் நாயகி. ஆனால் அதில் பெனினியைத் தொடர் கொலைகாரன் என்று போலீஸ் தவறாக நினைக்கிறது; மாஃபியா கிடையாது. விற்பவர் போட்டிருக்கும் ஸ்டில்லில் பெனினி வாயில் பல்குச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெக்கினோ என்றாலே இத்தாலியத்தில் பல்குச்சிதான், மாஃபியாக்காரன் ஜானியின் அடையாளமே அது. (ஜானி, அவன் அச்சாக இருக்கும் டிரைவர் தாந்தே, இரண்டு பேருமே பெனினிதான்.)

இனி நீளம். ஏமாற்று பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. இத்தாலியில் ஓடிய பதிப்பு சுமார் 122 நிமிடம். வெளிநாடுகளுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் குறைந்த பதிப்பு ஒன்று போனது. ஆனால் 117 நிமிடம் என்று போட்ட இத்தாலிய டிவிடியைப் பார்த்து “வெட்டிவிட்டார்கள்” என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஃபிலிமில் நொடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) என்ற வீடியோ முறை டிவிடியில் அதே ஃபிரேம்கள் நொடிக்கு 25 என்ற கணக்கில் ஓடும். நாலு சதவீதம் வேகம் கூடுவதால் 122 நிமிடம் 117 ஆகிவிடும், ஒரு காட்சிகூடக் குறையாது. குரல் ஒரு இழை மேலே போகும், அவ்வளவுதான். ஆக 117 சரி, 122ம் சரி. 105க்குக் கீழே எது இருந்தாலும் அது முழுப் படம் இல்லை. பின் அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். நமக்கு வந்த அட்டையிலும் 122 என்றுதான் இருந்தது. கம்ப்யூட்டரில் விஎல்சி (VLC) என்ற இலவசப் பிளேயரில் போட்டு மொத்த நேரத்தைப் பாருங்கள்.

இருபது நிமிடம் போனால் என்ன என்று கேட்கலாம். இந்தப் படத்தில் போனால் வம்பு. (கதை தெரியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) பெனினியும் விஞ்செஞ்சோ செராமியும் எழுதிய திரைக்கதை முழுக்க, ஒரு இடத்தில் விதைத்ததை வெகு நேரம் கழித்து அறுக்கிற வகை. இத்தாலியின் செசேனா ஊரில் மாற்றுத்திறன் பிள்ளைகளின் பள்ளி வண்டி ஓட்டும் தாந்தே கை நடுக்கம் இருப்பதுபோல நடித்து இன்சூரன்ஸ் பணம் பார்க்கிறவர்; வாழைப்பழத்தைக் காசு கொடுக்காமல் எடுத்துப் பழகியவர். (ஹீரோவே சின்ன லெவல் மோசடிக்காரர்தான்.) மரியா அவரை சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வரவழைத்து, மாஃபியா கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஒளிந்திருக்கும் தன் கணவன் ஜானியின் வேடத்தை மாட்டிவிடுகிறாள். தெருவில் குண்டு பாயும்போது தாந்தே நினைப்பது, எல்லாம் அந்த வாழைப்பழத்தால் வந்த வினை என்று. பழம் எடுக்கும் பழக்கத்தை முன்பாதியில் பார்க்காதவருக்கு அது வெறும் கோமாளித்தனமாகத் தெரியும். வெள்ளைப் பொடியும் (நிஜத்தில் கொக்கெய்ன்) அப்படித்தான்: சர்க்கரை வியாதி மருந்து என்று நம்பவைக்கப்பட்டதை அவர் ஊருக்கு எடுத்துப் போய் யாருக்குக் கொடுக்கிறார் என்பதில்தான் படம் முடிகிறது. நடுவில் எங்கே கத்திரி வைத்தாலும் ஏதோ ஒரு சிரிப்புக்கு வேர் அறுந்துவிடும்.

சப்டைட்டில் எவ்வளவு மோசம் என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு காட்சி போதும். பாவ்லோ பொனாசெல்லி நடித்த வக்கீல், மரியாவின் மாமா என்ற பெயரில், பலெர்மோவைப் பிடித்த பீடைகளை தாந்தேவுக்கு அடுக்குவார். ஒன்று எட்னா எரிமலை. அது தீவின் கிழக்குக் கோடியில், கத்தானியா பக்கம் இருக்கிறது என்பதே ஒரு கிண்டல். அடுத்தது தண்ணீர்ப் பஞ்சம். மூன்றாவதுதான் சிசிலியின் பெயரை உலகம் முழுக்க நாறடித்தது என்று குரலைத் தாழ்த்தி இழுத்து இழுத்துப் போவார். நாம் எல்லோரும் ஒரு வார்த்தைக்குக் காத்திருப்போம். “டிராஃபிக்!” என்பார். நல்ல சப்டைட்டிலில் அந்த வார்த்தை தனி வரியாக, அவர் வாய் திறந்த பிறகு வரும். நமக்கு வந்த டிஸ்க்கில் அந்த மொத்தப் பேச்சும் ஒரே கட்டியாக, அவர் பேசி முடித்து அடுத்த காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தது. விற்பவரிடம் மாதிரி கிளிப் கேட்பதாக இருந்தால் இந்தக் காட்சியைக் கேளுங்கள். சண்டைக் காட்சி கிளிப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

சப்டைட்டில் விலகுவதில் இரண்டு வகை உண்டு. எந்த வகை என்று தெரிந்தால் டிஸ்க்கின் பூர்வோத்தரமே தெரிந்துவிடும். முதல் வகையில் விலகல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்: பத்தாவது நிமிடத்தில் 25 நொடி தாமதம், ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம். 24 ஃபிரேம் பதிப்புக்கு எழுதிய சப்டைட்டிலை 25 ஃபிரேம் படத்தில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். விஎல்சியில் ஜி, ஹெச் விசைகளைத் தட்டி நகர்த்தினால் அந்த நிமிடத்துக்குச் சரியாகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி விலகும். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஃபிரேம் ரேட்டை 23.976இலிருந்து (கம்ப்யூட்டர் கோப்புகளில் 24 பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்) 25க்கு மாற்றிச் சேமித்தால் முடிந்தது வேலை.

இரண்டாம் வகையில் கொஞ்ச நேரம் கனகச்சிதமாக ஓடும். திடீரென்று ஒரு இடத்தில் ஒரேயடியாக ஒன்றரை நிமிடம் பின்தங்கும். அப்புறம் அதே இடைவெளியில் ஓடி, இன்னொரு இடத்தில் மறுபடி துள்ளும். முழுப் பதிப்புக்கு எழுதிய சப்டைட்டிலை வெட்டிய பதிப்பில் போட்டதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஒவ்வொரு துள்ளலும் ஒரு வெட்டு. துள்ளலின் அளவுதான் வெட்டின் நீளம். வந்த டிஸ்க் இந்த ரகம். அதைவிடக் கொடுமை, சப்டைட்டில் தனித் தடமாக இல்லை, படத்தோடு சேர்த்துப் பொறித்திருந்தார்கள். அதை நகர்த்தவும் முடியாது, அணைக்கவும் முடியாது.

டிஸ்க் ஒரிஜினலா என்பதைப் பிளேயரில் போடாமலே சொல்லலாம். அடிப்பக்கத்தை விளக்கில் காட்டுங்கள். ஆலையில் பிரஸ் செய்த டிவிடி வெள்ளி நிறம் அல்லது லேசான பொன்னிறம். ஊதா சாயல் அடித்தால் அது ரைட் செய்தது. நடு ஓட்டையைச் சுற்றி உள்ள வளையத்தில் மேட்ரிக்ஸ் எண்ணும் (ஆலை பொறிக்கும் அடையாள எண்), ஐஎஃப்பிஐ (IFPI) என்று தொடங்கும் பொடி எழுத்துக் குறியீடும் ஒரிஜினலில் இருக்கும். இத்தாலியில் முறையாக விற்ற டிஸ்க் என்றால், அந்த நாட்டுப் பதிப்புரிமை அமைப்பான சியாயேவின் வெள்ளிப் பளபளப்பு ஸ்டிக்கர் ஒன்று எண்ணோடு உறையில் ஒட்டியிருக்கும். ‘இத்தாலிய இறக்குமதி’ என்கிறவரிடம் அந்த ஸ்டிக்கரின் போட்டோ கேளுங்கள். பாதிப் பேர் அத்தோடு பதில் போடுவதை நிறுத்திவிடுவார்கள், உங்கள் காசு மிச்சம்.

கம்ப்யூட்டரில் போட்டால் வீடியோ ஃபோல்டரின் மொத்த அளவைப் பாருங்கள். இரண்டு மணி நேரப் படம் டிவிடி தரத்தில் பொதுவாக 4 ஜிபிக்கு மேல் இருக்கும். இரட்டை அடுக்கு டிஸ்க்கில் 8.5 ஜிபி வரை போகலாம். 1.6 ஜிபி என்றால் இணையத்திலிருந்து இறக்கிய கோப்பை டிவிடியாக மாற்றியிருக்கிறார்கள். இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான்.

‘எச்டி ரீமாஸ்டர்’ என்று 2,500 ரூபாய் சொல்லும் ப்ளூ-ரேக்களும் சுற்றுகின்றன. பழைய 576 வரி டிவிடியை மென்பொருளில் ஊதிப் பெரிதாக்கியதுதான் பலவும். முகம் மெழுகுபோல வழவழப்பாக இருக்கும், கடைப் பலகை எழுத்துகள் நெளியும். ஜானி தலையைத் திருப்பும்போது வாயிலுள்ள பல்குச்சியை மட்டும் கவனியுங்கள். ஊதிய பதிப்பில் அது பாதியில் கரைந்து மறுபடி முளைக்கும். படத்தின் பெயரே அந்தக் குச்சிதான், அதையே அழித்துவிட்டு ரீமாஸ்டராம்.

சரி, உண்மையான இத்தாலிய டிஸ்க்கே கிடைத்துவிட்டது என்றால்? அதிலும் இரண்டு சிக்கல். முதலாவது ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்ற பூட்டு: இத்தாலிய டிவிடி ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5. ப்ளூ-ரேயில் இத்தாலி பி, இந்தியா சி. மலிவு விலைப் பிளேயர்கள் பலவற்றில் ரிமோட்டில் ஒரு குறியீடு அடித்தால் எல்லா ரீஜனும் திறக்கும். வாங்கும் முன்பே உங்கள் மாடலுக்கு அது உண்டா என்று பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம், அப்புறம் பூட்டிக்கொள்ளும். அடுத்தது, உறையின் பின்னால் ‘சொத்தோதீதொலி’ (Sottotitoli, அதாவது சப்டைட்டில்) என்ற இடத்தில் ‘இத்தாலியானோ பேர் நோன் உதென்தி’ (Italiano per non udenti) என்று மட்டும் இருந்தால், காது கேளாதோருக்கான இத்தாலிய சப்டைட்டில் தவிர வேறு இல்லை. ஆங்கிலத்துக்கு ‘இங்க்லேசே’ (Inglese) என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். இல்லாததை விற்பவர் இருக்கிறது என்று சொன்னால் மெனுவின் போட்டோ கேளுங்கள்.

ஆங்கில டப்பிங் என்று யாராவது ஆசை காட்டினாலும் ஒதுங்கிவிடுங்கள். தாந்தே பேசுவதில் பெனினியின் சொந்த வட்டாரமான தொஸ்கானாவின் வாடை அடிக்கும். ஜானி பேசுவது கனத்த சிசிலி. முகம் ஒன்று, பேச்சு இரண்டு. இத்தாலியம் தெரியாதவர் காதுக்கே அந்த வித்தியாசம் எட்டும். தன் அச்சாக நிற்கிறவனைப் பற்றி ஜானி, “எனக்கும் இவனுக்கும் துளி ஜாடைகூட இல்லை” என்று சொல்வது சிரிப்பாவதே அந்தக் குரலால்தான்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: பார்சல் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. டிஸ்க் அடிப்பக்கம், உள் வளையம், விஎல்சி காட்டும் மொத்த நேரம், ஃபோல்டர் அளவு, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. “பிடிக்கவில்லை” என்று எழுதாதீர்கள். “122 நிமிடம் என்று விற்றது 101 நிமிடம் ஓடுகிறது” என்று எழுதுங்கள். பிடிக்காததற்கு யாரும் பணம் திருப்பித் தர மாட்டார்கள், விவரத்துக்கு மாறான சரக்குக்குத் தர வேண்டும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். தனி ஆளின் யுபிஐக்கு நேராக அனுப்பியிருந்து டிஸ்க்கே வரவில்லை என்றால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930இல் உடனே சொல்லுங்கள், தாமதித்தால் பணம் கை மாறிவிடும்.

அந்த விற்பனையாளர் இப்போது கடைப் பெயரை மாற்றிவிட்டார். விலை 1,799 ஆகியிருக்கிறது, போட்டோ அதேதான். பின் அட்டையில் 122 என்ற எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் சற்றே தடித்து, வரியிலிருந்து இறங்கி நிற்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.