காட்பாடியில் 'மூளை அலைப் பயிற்சி': பணம் கட்டும் முன் படியுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளைக் காட்பாடியில் ஒரு மாடியறையில் நடக்கும் 'மூளை அலைப் பயிற்சி' மையத்தில் சேர்த்து 28,000 ரூபாயை இழந்தேன். பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு இதே வித்தையை வேறு ஊரிலும் காட்டக்கூடும் என்பதால், மையத்தின் பெயரை விட்டுவிட்டு அவர்கள் ஏமாற்றும் முறையை எழுதுகிறேன்.

நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக் கண்களை மூடி அமரச் சொல்கிறார்கள். திரையில் 'நினைவாற்றல் மதிப்பெண்' 30-லிருந்து 80-ஐத் தாண்டியதும், ஆல்ஃபா என்ற மூளை அலை பெருகிவிட்டதாகவும் படித்தது இனி மறக்காது என்றும் சொல்கிறார்கள். மூன்றாம் வாரம், பயிற்சியாளர் தேநீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில், நானே அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வீட்டுக்கடன் தவணையை எப்படிக் கட்டுவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, உங்களுக்கு 84" என்றாள் மகள். வேலூர்க் கோட்டைக்கு அருகிலேயே பிறந்து வளர்ந்தும், 1806-ஆம் ஆண்டுப் புரட்சி எந்த மாதம் நடந்தது என்று சட்டெனச் சொல்லத் தெரியாதவன் நான்.

மருத்துவமனை ஒன்றில் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுக்கும் பணியில் இருக்கும் என் தங்கை மகனிடம் கேட்டேன். "மாமா, கண்ணை மூடினாலே ஆல்ஃபா கூடும், திறந்தால் குறையும், அது கண்ணை மூடியதற்கான மதிப்பெண்" என்றான். நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 13 முறை எழுந்து அடங்கும் இந்த அலையைப் பற்றி ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1929-லேயே எழுதிவிட்டாராம். அலைகளுக்கும் நினைவுக்கும் தொடர்பே இல்லை என்று அவன் சொல்லவில்லை. நினைவுகள் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் நொடிக்கு 4 முதல் 8 முறை எழும் தீட்டா அலையும், அதன்மேல் ஏறி வரும் வேகமான காமா அலையும் சேர்ந்து இயங்குவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதி கன்னப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில் இருப்பதால், மனிதரிடம் அதை நேரடியாக அளந்தது பெரும்பாலும் வலிப்பு நோய் அறுவைச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டவர்களிடம்தான். நெற்றியில் ஒட்டிய ஒற்றை முனையில் கண் சிமிட்டலும் தசை அசைவும் கலந்துதான் பதியும் என்றான்.

பணத்தைவிட என்னை வருத்துவது வேறொன்று. பிரம்ம முகூர்த்தத்தில் தீட்டா பெருகும் என்று சொல்லி, அதிகாலை 3:30-க்கு எழுந்து ஒலிப்பதிவு கேட்கச் சொன்னார்கள். இரவு 11 மணிக்குப் படுக்கும் பெண் ஆறு வாரம் நாலரை மணி நேரமே தூங்கினாள். ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலைகள், நொடிக்கு 11 முதல் 16 முறை துடிக்கும் 'தூக்கக் கதிர்கள்' (ஸ்பிண்டில்) என்ற குறுகிய அலைத்தொடர்கள், ஹிப்போகாம்பஸின் நுண்ணிய சிற்றலைகள் ஆகிய மூன்றும் ஒத்திசைவது பகலில் படித்தது நிலைபெற உதவுகிறது என்பது இன்றைய அறிவியல். நினைவை வளர்ப்பதாகச் சொன்னவர்கள் கைவைத்தது அந்தத் தூக்கத்தில்தான். இயற்பியல் தேர்வில் அவள் பாதியிலேயே கண் அயர்ந்துவிட்டாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதை நீட்டினார்கள். அதில் 'அறக்கட்டளைக்கு நன்கொடை' என்று அச்சிட்டிருந்ததை நான் அதுவரை படிக்கவே இல்லை. அதனால் 'பயிற்சிக் கட்டணம்' என்று குறிப்பிட்ட அவர்களுடைய துண்டுப்பிரசுரத்தையும் குறுஞ்செய்திகளையும் சேர்த்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இதேபோல் கட்டியவர்கள் ரசீதின் வாசகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், ஆணையத்தில் மனுச் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.