திசு எடுக்காமல் முடிந்த எண்டோஸ்கோபி: குழந்தைகளின் உணவுக்குழாய் நோய்க்குச் சிகிச்சை தேடுவோர் கவனத்துக்கு

குழந்தைகளின் செரிமான நோய்களுக்கான சிறப்பு மையம் என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளும் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மகனுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையைப் பற்றியது இந்தப் பதிவு. புகார் எழுத்துமூலமாகக் கொடுக்கப்பட்டு விசாரணையில் இருப்பதால் அந்த மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே விடுபட்ட மருத்துவ நடைமுறை எது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அது எங்கே விடுபட்டாலும் குழந்தைக்கு ஏற்படும் பாதிப்பு ஒன்றுதான்.

என் மகன் சாப்பிட மிக நேரம் எடுத்துக்கொள்வான். ஒவ்வொரு கவளத்தையும் வாயிலேயே வைத்து மென்றுகொண்டிருப்பான், விழுங்குவதற்குத் தண்ணீர் கேட்பான், கெட்டியான உணவு என்றால் தட்டை நகர்த்திவிடுவான். இடையிடையே வாந்தியும் நெஞ்சுக்குழியில் வலியும் இருந்தன. எடையும் வயதுக்கேற்ப ஏறவில்லை. ஆஸ்துமாவும் தோல் கரப்பானும் ஏற்கெனவே உள்ள குழந்தையிடம் இந்த அறிகுறிகள் சேர்ந்து காணப்பட்டால், ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைடிஸ் என்னும் ஒவ்வாமை சார்ந்த உணவுக்குழாய் அழற்சியைக் குழந்தைகள் குடல் இரைப்பை நிபுணர் எவரும் முதலில் நினைத்துப் பார்ப்பார். அது ஒரு தனி நோயாக 1990களிலேயே அடையாளம் காணப்பட்டுவிட்டது. மையத்திலோ, முதல் சந்திப்பிலேயே அமிலம் எதுக்களிப்பதுதான் காரணம் என்று தீர்மானித்து அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்தை எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த மருந்தைக் கொடுத்தது தவறில்லை. நெஞ்சு கரிப்பது போன்ற தெளிவான அறிகுறிகள் உள்ள சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு அதை 4 முதல் 8 வாரம் வரை கொடுத்துப் பார்த்து, பிறகு மறுபடியும் ஆராய வேண்டும் என்று ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் செரிமான மருத்துவச் சங்கங்கள் 2018இல் வெளியிட்ட கூட்டு வழிகாட்டுதலே சொல்கிறது. மறுபடியும் ஆராய்வது என்ற பாதியை மையம் விட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டினார்கள், கூடவே இன்னொரு மருந்தைச் சேர்த்தார்கள், விழுங்கும்போது வலிக்கிறதா, உணவு நெஞ்சில் நிற்கிறதா என்று குழந்தையிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு, எங்கள் வற்புறுத்தலின் பேரில், கேமரா பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்தி உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி செய்தார்கள். அதைச் செய்தவர் பெரியவர்களுக்கான மருத்துவர் என்பது அறிக்கையில் இருந்த கையொப்பத்தைப் பார்த்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் எல்லாம் இயல்பாகத் தெரிகின்றன என்று எழுதி, அத்துடன் முடித்துக்கொண்டார்கள். திசு மாதிரி ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் இடத்தில் பயாப்ஸி எதற்கு என்று பதில் வந்தது.

அந்தப் பதில் தவறானது. இந்த நோய் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு உணவுக்குழாயின் உட்பரப்பு கண்ணுக்கு முற்றிலும் இயல்பாகவே தோன்றும். வளையங்களும் நீளவாக்கிலான பள்ளங்களும் வெண்புள்ளிகளும் எல்லோரிடமும் இருப்பதில்லை. நோயைக் காட்டுவது நுண்ணோக்கிதான். ஆரோக்கியமான உணவுக்குழாய்த் திசுவில் ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் இருக்கக் கூடாது. உயர் உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் பரப்புக்குள் அவை 15 அல்லது அதற்கு மேல் எண்ணப்பட்டு, அறிகுறிகளும் பொருந்தி, வேறு காரணமும் இல்லையென்றால்தான் நோய் உறுதியாகிறது. அவை எல்லா இடத்திலும் சீராகப் பரவியிருக்காமல் திட்டுத்திட்டாக இருப்பதால், உணவுக்குழாயில் மேலும் கீழுமாகக் குறைந்தது இரண்டு இடங்களிலிருந்து மொத்தம் ஆறு மாதிரிகளாவது எடுக்க வேண்டும். குழந்தையைப் பட்டினி போட்டு, மயக்க மருந்து கொடுத்து, குழாயை உள்ளே செலுத்திய பிறகு, கூடுதலாகச் சில நிமிடங்களே பிடிக்கும் இந்த வேலையைச் செய்யாமல் விட்டதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகுந்த வேதனை தருவது. அதன் விளைவாக அவனுக்கு இரண்டாம் முறையும் மயக்க மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

எண்டோஸ்கோபி இயல்பு என்றான பின், உணவு ஒவ்வாமைத் தொகுப்பு என்ற பெயரில் ஓர் இரத்தப் பரிசோதனையை முன்பணம் பெற்றுக்கொண்டு செய்தார்கள். அது ஐஜிஜி எதிர்ப்பொருளை அளக்கும் சோதனை. அந்த எதிர்ப்பொருள், உடல் ஓர் உணவைச் சந்தித்திருக்கிறது என்பதைத்தான் காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது என்றும், எனவே உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் ஐரோப்பிய ஒவ்வாமை அகாடமி 2008இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனாலும் அவன் வழக்கமாகச் சாப்பிட்ட அத்தனையும் சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்ட ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்து, எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். மாற்று உணவுக்கு வழிகாட்ட உணவியல் நிபுணர் எவரும் இல்லை. ஏற்கெனவே எடை குறைவாக இருந்த குழந்தை மேலும் இளைத்தான். அதைச் சொன்னதற்கு, அவன் பிடிவாதக்காரன், மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்றார்கள். விழுங்க முடியாத குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று ஒரு மருத்துவர் அவன் எதிரிலேயே சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பிறகு ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் குடல் இரைப்பைப் பிரிவில் காட்டினோம். அமிலத்தைக் குறைக்கும் மருந்தே இந்த அழற்சியைச் சிலருக்குத் தணித்துவிடும் என்பதாலும், அதனால் முதல் பயாப்ஸியில் நோய் மறைந்துபோகலாம் என்பதாலும், அதைச் சில வாரங்கள் நிறுத்திவைத்துவிட்டுத்தான் எண்டோஸ்கோபி செய்தார்கள். குழந்தைகளுக்கான மெல்லிய கருவியும், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் பயிற்சி பெற்ற மருத்துவரும் இருந்தார்கள். திசு அறிக்கை நோயை உறுதிசெய்தது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு வகையான பியூடிசோனைடு மருந்தைக் கெட்டியான கலவையாக்கி விழுங்கக் கொடுத்தோம். அது உணவுக்குழாயின் சுவரில் படிய வேண்டும் என்பதால் விழுங்கிய பின் அரை மணி நேரம் எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. உணவில் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாமல், தூண்டுதலாக மிக அதிகமாகக் காணப்படும் பசும்பாலை மட்டும் முதலில் விலக்கி, உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் எடையைக் கவனித்துக்கொண்டார்கள். சில வாரங்களில் தண்ணீர் இல்லாமலே அவன் விழுங்கத் தொடங்கினான். சிகிச்சை பலித்ததா என்பதை அறிகுறிகளைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய முடியாது என்பதால் மறுபடியும் திசு எடுத்துப் பார்ப்பார்கள் என்பதையும் முன்பே விளக்கிச் சொன்னார்கள். இந்த அழற்சியைப் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கிவிடும்; ஆகவே அந்த மையத்தில் கழிந்த காலத்தை வெறும் தாமதம் என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் குழந்தைக்கு எண்டோஸ்கோபி பரிந்துரைக்கப்பட்டால், அதைச் செய்பவர் குழந்தைகளுக்கான நிபுணர்தானா, மயக்க மருந்து கொடுப்பவர் யார், பார்ப்பதற்கு இயல்பாக இருந்தாலும் திசு எடுப்பார்களா, எந்தெந்த இடங்களிலிருந்து எத்தனை மாதிரிகள் எடுப்பார்கள், எந்த மருந்தை எவ்வளவு நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்பவற்றை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். நோய்க்கூறியல் அறிக்கையின் (திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்த முடிவு) நகலையும் எண்டோஸ்கோபிப் படங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த மையம் படங்களைத் தர மறுத்ததால் புகாரில் அதையும் சேர்க்க வேண்டியிருந்தது. உணவு நெஞ்சில் சிக்கிக்கொண்டு எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் குழந்தைக்கு வாய்வழியே ஒழுகினாலோ, வாந்தியில் இரத்தமோ பச்சை நிறப் பித்தமோ வந்தாலோ, வெளிநோயாளர் பிரிவில் முன்பதிவு கிடைக்கும்வரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.