கூகுள் ஸ்காலர் சுயவிவரம்: மண்டபம் பக்கத்து கடல் ஆய்வாளருக்கு எவ்வளவு உதவும்?

கூகுள் ஸ்காலர் என்பது ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம்; உங்கள் கட்டுரைகளையும், பிறர் அவற்றைச் சுட்டிய மேற்கோள் எண்ணிக்கையையும் ஒரே பக்கத்தில் காட்டுவதுதான் சுயவிவரம். தொடங்கக் காசு வேண்டாம், பத்து நிமிட வேலை. நிறுவன மின்னஞ்சலில் சரிபார்த்தால்தான் தேடலில் பெயர் வரும், ஜிமெயில் போதாது.

முதல் தலைவலி இனிஷியல். 'எஸ். முருகன்' என்று தேடினால் கடற்பாசி ஆய்வாளரோடு இதய மருத்துவரும் வந்து நிற்பார். தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்துவிட்டு, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் மேற்கோள் உங்கள் கணக்கில் ஏறும், மானமும் போகும்.

ஒரே கட்டுரை இரண்டு வரியாக வந்தால் இரண்டையும் டிக் செய்து 'மெர்ஜ்' கொடுங்கள். மன்னார் வளைகுடா பற்றிய பழைய ஸ்கேன் கட்டுரைகளில் இது அடிக்கடி நடக்கும். பிரிந்து கிடந்தால் எச்-இண்டெக்ஸ் குறையவும் கூடும். குறைந்தது எச் மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் இருந்தால், அந்த எச்சின் அதிகபட்ச மதிப்பே இந்த அளவீடு.

கணக்கு எளிது. 5 கட்டுரைகளுக்கு 40, 12, 6, 4, 1 மேற்கோள் என்றால் எச் 4 (நான்கு கட்டுரைகளுக்குத் தலா 4 அல்லது அதற்கு மேல்), ஐ10 (10 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை) 2. அந்த 40 என்பது 400 ஆனாலும் எச் நகராது. 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த அளவீட்டின் குணமே அது.

தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதையும் ஸ்காலர் கழிப்பதில்லை. எல்சேவியர் நிறுவனத்தின் கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோபஸ் காட்டும் எண் பெரும்பாலும் இதைவிடக் குறைவு; விண்ணப்பத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கூட்டாய்வைக் காட்டுவதில் ஸ்காலர் படு சுமார். ஓரத்தில் இணை ஆசிரியர் பட்டியல், அதுவும் கணக்கு வைத்திருப்பவர்கள் மட்டும். படகோட்டி இடம் காட்டிய மீனவர் எதிலும் வரமாட்டார். யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்று காட்டும் வலைப்படம் வேண்டுமானால், ஸ்கோபஸிலிருந்து இறக்கிய கோப்பை விஓஎஸ்வியூவர் என்ற இலவச மென்பொருளில் ஏற்றுங்கள்.