ரியல்கேர் பேபி: ஸ்கூலிலிருந்து வீட்டுக்கு வரும் அழுகைப் பொம்மை எப்படி?

ரியல்கேர் பேபி என்பது நிஜக் குழந்தை மாதிரி அழும் எலெக்ட்ரானிக் பொம்மை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பழகுவதற்காக ஹைஸ்கூலில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அது எப்படி, பிள்ளையை அந்த வகுப்பில் சேர்க்கலாமா என்று அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற நம்ம ஆட்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சைக் குழந்தையை எப்படித் தூக்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பிள்ளைகளின் கையைப் பழக்க ரியல்கேர் பேபி நல்ல சாமான். 'இந்த வயசில் குழந்தை வந்தால் என்ன பாடு பார்த்தாயா' என்று பயமுறுத்துவதற்காக என்றால் அதற்குக் கொடுக்கும் காசு வேஸ்ட். குழந்தை எப்படி வளர்கிறது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது, அதை வகுப்பும் டீச்சரும்தான் சொல்லித்தர வேண்டும்.

என் மகன் பதினொன்றாம் வகுப்பில் சைல்ட் டெவலப்மென்ட், அதாவது குழந்தை வளர்ச்சி என்ற எலக்டிவ் (விருப்பப் பாடம்) எடுத்தான். டாலஸ் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. சுலபமாக மார்க் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்ததுதான், குழந்தைகள் மேல் திடீர்ப் பாசமெல்லாம் இல்லை. இங்கே இது ஃபேமிலி அண்ட் கன்ஸ்யூமர் சயின்சஸ் என்ற துறையில் வருகிறது. நம் ஊரில் ஹோம் சயின்ஸ் என்போமே, அதேதான். இங்கேயும் ஹோம் எகனாமிக்ஸ் என்றுதான் இருந்தது, 1990-களில் பேரை மாற்றிவிட்டார்கள். பேர் மாறினாலும் வகுப்பில் பையன்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

பொம்மை கிட்டத்தட்ட மூன்று கிலோ இருக்கும், பிறந்த குழந்தையின் எடை, நீளமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மதியம் கார் சீட், டயப்பர் பை, பால் புட்டியோடு பையன் கையில் கொடுத்து, மணிக்கட்டில் ஒரு பட்டையும் கட்டி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பட்டையில் ஒரு சிப் இருக்கிறது. பொம்மை அழ ஆரம்பித்ததும் பட்டையை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் டிங் என்று ஒரு சத்தம் வரும், இன்னார் வந்துவிட்டார் என்று அர்த்தம். அப்புறம்தான் விளையாட்டே. பாலா, ஏப்பமா, டயப்பரா, ஆட்டித் தூங்க வைக்க வேண்டுமா என்று கண்டுபிடிக்க வேண்டும். புட்டியில் சென்சார் இருக்கிறது, டயப்பரில் சென்சார் இருக்கிறது. பால் வேண்டும் என்றால் அது சப்புகிற சத்தம் நிற்கும்வரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், முடிந்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டினால் ஒரு ஏப்பம் விடும். ஏப்பம் வரும்வரை விடாது. ஆஃப் பட்டன் என்று பையன் கைக்கு எட்டும் இடத்தில் எதுவும் கிடையாது.

உண்மையான குழந்தைகளின் நாளைக் குறித்து வைத்து அதிலிருந்துதான் இதன் கால அட்டவணைகளைச் செய்திருக்கிறார்களாம். சாதுவான குழந்தை, நடுத்தரம், ராட்சசன் என்று பல வகை, எது வரும் என்று டீச்சர் முடிவு செய்வார். எங்களுக்கு வந்தது எந்த வகை என்று ராத்திரி ஒரு மணிக்கே தெரிந்துவிட்டது.

கழுத்து விஷயத்தில் மட்டும் இந்தப் பொம்மைக்கு முழு மார்க் கொடுப்பேன். தலையைத் தாங்காமல் தூக்கினால் கழுத்து படக்கென்று பின்னால் சாயும், உடனே வீறிட்டு அழும், அழுவதோடு விடாமல் பதிவும் செய்துகொள்ளும். முதல் நாள் சாயங்காலம் மகன் அதை ஸ்கூல் பையைத் தூக்குவது மாதிரி இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினான். ஞாயிறு காலை பார்த்தால் ஒரு கை தானாகப் பின்னந்தலைக்குப் போகிறது, விரலை விரித்து, உள்ளங்கையைக் கொஞ்சம் குழித்து. ஒரு கையில் பொம்மை, இன்னொரு கையில் சீரியல் கிண்ணம். இதைப் புத்தகத்தில் படம் போட்டுச் சொல்லித்தர முடியாது. இதற்கு முன்னாலெல்லாம் ஐந்து பவுண்டு மாவுப் பையையும் பச்சை முட்டையையும் கொடுத்து 'இதுதான் உன் குழந்தை, பத்திரமாகப் பார்த்துக்கொள்' என்றார்களாம். மாவுப் பைக்குக் கழுத்து கிடையாதே.

அந்த வாரம் எங்கள் வீட்டில் மாமியார் இருந்தார், கோபியிலிருந்து ஆறு மாசத்துக்கு வந்திருந்தார். நாலு பிள்ளை பெற்று, அப்புறம் பேரன் பேத்திகளுக்கெல்லாம் குளிப்பாட்டி விட்டவர். பொம்மை முதல் தடவை அழுததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஏஞ்சாமி, குடு இங்க, நான் பாத்துக்கறேன், நீ போயிப் படி" என்று வாங்கி மடியில் போட்டார். அழுகை நிற்கவில்லை. தாலாட்டுப் பாடினார், நிற்கவில்லை. அதற்கு மகன் கையில் இருக்கும் பட்டை மட்டும்தான் தெரியும். "என்னத்தப் புள்ள இது, ஆளு மாறுனா அடங்க மாட்டேங்குது" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். "அத்தை, அது மெஷின், அவன்தான் பார்க்கணும்" என்றால், "மெஷினா இருந்தாலும் ஒத்தை ஆளுகிட்ட எந்தப் புள்ளைய உடுவாங்க" என்று பதில் வருகிறது.

இந்தப் பொம்மையைப் பற்றி நான் படித்த ஆங்கில விமர்சனங்கள் எதிலும் இந்தக் கேள்வியைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு குழந்தை, உதவிக்கு யாரும் கிடையாது. இதுதான் இதன் கணக்கு. நம் வீடுகளில் ராத்திரி அழுகிற குழந்தை கை மாறிக்கொண்டே இருக்கும், பெற்றவளுக்கு அப்படித்தான் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும். அமெரிக்காவிலும் தனியாகக் குழந்தை வளர்ப்பவர்கள் இதைக் கேட்டால், பொழுது விடிந்ததும் யாரைக் கூப்பிடலாம் என்று யோசிப்பதுதான் பாதி வேலை என்பார்கள். யாரிடம் எப்படி உதவி கேட்பது என்பதும் பெற்றோர் கற்க வேண்டிய பாடம், அது இந்தப் பொம்மையில் இல்லை.

இன்னொரு கூத்து. சனிக்கிழமை மதியம் மாமியார் வயிற்று வலிக்குச் செய்வதுபோல அதைக் குப்புறப் போட்டு முதுகைத் தடவியிருக்கிறார். தவறான நிலை என்று ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது, பையனுக்கு மார்க் போச்சு. ஆனால் இதில் பொம்மை பக்கமும் நியாயம் இருக்கிறது. குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்கவிடக் கூடாது, மல்லாக்கவோ ஒருக்களித்தோ படுக்க வைக்க வேண்டும் என்று 1992-ல் இங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொன்னது, 1994-ல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி நாடு தழுவிய பிரச்சாரம் தொடங்கியது. அதற்கப்புறம் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விழித்திருக்கும்போது, பெரியவர் கண் முன்னால் குப்புறப் போடுவதில் தப்பே இல்லை, நல்லதும்கூட. பொம்மைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. மகன் இதை வகுப்பில் சொல்லி வாதாடினான், ஆனாலும் டீச்சர் மார்க்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு ராத்திரியும் அவர் எழுந்திருக்கவே இல்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னாலும் அப்படித்தான்.

வகுப்பில் இதே கம்பெனியின் இன்னொரு பொம்மையும் காட்டினார்களாம், குழந்தையைப் போட்டு உலுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு. தலை கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். உலுக்கினால் மூளையில் அடிபடும் இடங்களில் விளக்கு எரியும், பார்வைக்கான பகுதி, நடத்தைக்கான பகுதி என்று. அழுகை சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதியில் வகுப்பே உறைந்துபோனதாம். அழுகையைப் பொறுக்க முடியாத அளவுக்குக் கோபம் வந்தால் குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாக மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போ, கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து விடு, யாருக்காவது போன் பண்ணு, அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பேபிசிட்டிங் போகிற பிள்ளைகளுக்கு நாளைக்கே தேவைப்படுகிற விஷயம். வீட்டுக்கு வரும் பொம்மையைவிட இந்த அரைமணி நேரம்தான் அதிகம் பெறும் என்பேன்.

சரி, பயமுறுத்தல் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பொம்மை பிறந்ததே அதற்காகத்தான். 1993-ல் கலிஃபோர்னியாவில் வேலை இழந்த விமானத்துறை எஞ்சினியர் ரிக் ஜர்மெய்ன் டிவியில் அந்த மாவுப் பைப் பாடத்தைப் பார்த்துவிட்டு மனைவி மேரியோடு சேர்ந்து செய்தது. அப்போது அதற்குப் பேரே பேபி திங்க் இட் ஓவர், அதாவது நல்லா யோசிச்சுக்கோ என்கிற மிரட்டல். 1991-ல் இங்கே 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஆயிரத்துக்கு 62 பேர் அளவுக்குப் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்கள், அந்தக் கவலையில் பள்ளிகள் ஆர்வமாக வாங்கின. இப்போது அது ஆயிரத்துக்கு 14-க்கும் கீழே. அதைப் பார்த்துப் பொம்மைக்கு மாலை போடுவதற்கு முன்னால் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றைப் படிக்க வேண்டும்.

2016-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பெர்த் நகரில் 57 பள்ளிகள், 13 முதல் 15 வயது வரை 2,834 மாணவிகள். ஒரு பாதிப் பள்ளிகளில் பொம்மையோடு கூடிய பாடம், மறுபாதியில் வழக்கமான பாடம். 20 வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். பொம்மை எடுத்துப்போன மாணவிகளில் 8 சதவீதம் பேர் பிள்ளை பெற்றிருந்தார்கள், மற்றவர்களில் 4 சதவீதம். கருக்கலைப்பும் இவர்களில் 9 சதவீதம், அவர்களில் 6 சதவீதம் என்று கூடுதல்தான். குறைக்கப் போய்க் கூட்டியிருக்கிறது! அங்கே நடத்தியது எங்கள் பாடத்திட்டம் இல்லை என்று கம்பெனி சொன்னது, அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் எனக்கு ஆச்சரியம் இல்லை. பொம்மையோடு என் மகன் கடைக்குப் போனபோது முன்பின் தெரியாத பெண்மணிகள் நின்று விசாரித்தார்கள், கூடப் படிக்கும் பெண்கள் போட்டி போட்டுப் போட்டோ எடுத்தார்கள். வீட்டில் யாரும் கவனிக்காத பதினாலு வயசுப் பெண்ணுக்கு இந்தக் கவனிப்பு எப்படி இருக்கும்? அப்புறம், அந்த ஆய்வுப் பாடம் பெண்களுக்கு மட்டும்தான். பையன்களை என்ன கணக்கில் விட்டார்களோ.

வளர்ச்சி என்று பேச்செடுத்தால் பொம்மை அங்கேயே நின்றுவிடுகிறது. எப்போதும் அதே முகம். நிஜக் குழந்தை ஆறு வாரம், இரண்டு மாசத்தில் நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும், ராத்திரி முழிப்பெல்லாம் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கழியும். இதற்கு வேலை செய்தால் பரிசு ஒரு சின்ன 'கூ'. அவ்வளவுதான். பேசினாலும் பாடினாலும் ஒன்றுதான்.

என் மகன் நிஜமாகக் கற்றுக்கொண்டது வேறு இடத்தில். வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம்: குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே செய்து பார்த்த சோதனையை, தெரிந்த சின்னக் குழந்தையை வைத்துச் செய்து எழுதி வா. எதிர் வீட்டு நாலு வயசுப் பெண்ணைக் கூட்டிவந்து, ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு மோர் ஊற்றினான். இரண்டும் சமம் என்றாள். அவள் கண் முன்னாலேயே ஒன்றை ஒல்லியான உயரக் கிளாசில் மாற்றினான். எதில் நிறைய? உயரத்தைக் காட்டினாள். திருப்பி டம்ளரில் ஊற்றினான், சமம். மறுபடி கிளாசில், "இதுலதான் நிறைய" என்று அடம். எனக்கு அதுதான் வேண்டும் என்று அழுகை வேறு. மகன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கு உலகமே அப்படித்தான் தெரிகிறது என்று அவனுக்கு அந்த நிமிஷம் உறைத்தது. அதற்கப்புறம் தங்கை அற்ப விஷயத்துக்கு அழுதால் அவன் முன்னைப்போல எரிந்து விழுவதில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது.

பள்ளி மேல் எனக்கு ஒரு மனக்குறை. திங்கட்கிழமை பொம்மையை வாங்கி, கம்ப்யூட்டரில் போட்டு, இத்தனை சதவீதம் என்று ஒரு தாள் கொடுத்ததோடு முடிந்தது. எத்தனை தடவை கவனித்தாய், எத்தனை தடவை தலையைத் தாங்கவில்லை என்ற எண்கள். ராத்திரி மூணு மணிக்கு உனக்கு என்ன தோன்றியது என்று யாரும் கேட்கவில்லை. ஆயிரம் டாலர் பக்கம் கொடுத்து ஒரு பொம்மை வாங்குகிறவர்கள், வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அதற்குக் காசும் வேண்டாம்.

பிள்ளையை இந்த எலக்டிவில் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம், பையனாக இருந்தால் கண்டிப்பாக. ஆனால் பாடம் தேர்ந்தெடுக்க உதவும் பள்ளி கவுன்சிலரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நிஜக் குழந்தைகளோடு பழக வாய்ப்பு உண்டா? சில ஹைஸ்கூல்களில் வளாகத்திலேயே சின்னதாக ஒரு ப்ரீஸ்கூல் நடத்துகிறார்கள், மாணவர்கள் அங்கே போய் உதவுவார்கள். அப்படி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். வெறும் பொம்மை மட்டும்தான் என்றால் வேறு எலக்டிவ் பாருங்கள். பொம்மை வரும் வாரம் பரீட்சையோ டோர்னமென்ட்டோ இருந்தால் முன்கூட்டியே டீச்சரிடம் சொல்லுங்கள், குறிப்பிட்ட மணி நேரத்துக்கு அதை அமைதியாக வைக்க அவர்களால் முடியும். தயவுசெய்து காரில் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள், கண்ணாடி வழியே பார்க்கிறவர்களுக்கு அது நிஜக் குழந்தைதான், போலீசுக்குப் போன் போய்விடும். வீட்டில் பாட்டி இருந்தால் குப்புறப் போடக் கூடாது என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள்.