கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனால் பிராசஸரையும் சேர்த்து விற்கும் தந்திரம்: ஓர் எச்சரிக்கை

கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்ற நினைப்பவர்களிடம், "பழைய பிராசஸர் இதைத் தாங்காது" என்று சொல்லி, பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் தலையில் கட்டிவிடும் வழக்கம் விற்பனையாளர் சிலரிடம் இருக்கிறது. அண்மையில் எனக்கும் அதுவே நடந்தது. வெறும் வாய்ச்சொல்லால் அல்லாமல், கண்ணெதிரே ஒரு சோதனையை நடத்திக் காட்டியே நம்பவைத்தார்கள் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தவை 2019இல் வெளிவந்த ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 1440பி (மேலிருந்து கீழாக 1440 புள்ளி வரிசைகள் கொண்ட) மானிட்டர். நான் ஆடுபவை பெரும்பாலும் கதையை மையமாகக் கொண்ட, காட்சித் தரம் மிகுந்த விளையாட்டுகள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி, அதைப் பொருத்தித் தரும்படி கணினியைக் கடையில் கொடுத்தேன். பொருத்திய பிறகு விற்பனையாளர் கடையின் மானிட்டரில் ஒரு விளையாட்டை ஓடவிட்டு, திரை மூலையில் ஓடிய எண்களைக் காட்டினார். கார்டின் பயன்பாடு ஐம்பது சதவீதத்தை ஒட்டியே நின்றது. "பாருங்க சார், கார்டு பாதிக்கு மேல வேலையே செய்யல, பிராசஸர்தான் இழுத்துப் பிடிக்குது" என்றார். உங்கள் போர்டில் இனி எந்தப் புதிய பிராசஸரும் ஏறாது, ஏஎம்5க்கு (பிராசஸர் பொருந்தும் புதிய வகை சாக்கெட்டுக்கு) மாறுவதே வழி என்றும் சொன்னார். ரைசன் 5 7600, புதிய மதர்போர்டு, டிடிஆர்5 ரேம் என்று பட்டியல் நீண்டது. பழையவற்றை அற்ப விலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சோதனையின் சூட்சுமம் வீட்டில்தான் வெளிப்பட்டது. புதிய பிராசஸருடன் அதே விளையாட்டைத் திறந்தபோது, அவர்கள் விட்டுவைத்த அமைப்புகள் அப்படியே இருந்தன: ரெசல்யூஷன் 1080பி, வி-சிங்க் (ஃப்ரேம்களை மானிட்டரின் வேகத்தோடு ஒத்திசைக்கும் அமைப்பு) இயக்கத்தில், ஃப்ரேம் வரம்பு (நொடிக்கு வரையப்படும் படங்களின் உச்ச எண்ணிக்கை) 60. கார்டின் பயன்பாடும் மீண்டும் அதே பாதி அளவில்தான் நின்றது. நொடிக்கு 60 ஃப்ரேம் போதும் என்று கட்டளையிட்டுவிட்டால், அதைத் தருவதற்குத் தேவையான அளவுக்குமேல் கார்டு உழைக்காது; எவ்வளவு விலை உயர்ந்த பிராசஸரைப் போட்டாலும் அந்த எண் மாறாது. கடைத் திரையில் ஃப்ரேம் எண்ணிக்கை சற்றும் அசையாமல் 60இலேயே நின்றதே, அதுதான் அடையாளம். பிராசஸர் உண்மையிலேயே திணறினால் அந்த எண் ஏறி இறங்கும், காட்சி அவ்வப்போது வெட்டி வெட்டி நகரும். வி-சிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் நிறுத்தி 1440பிக்கு மாற்றியதும் கார்டின் பயன்பாடு 98 சதவீதத்தைத் தொட்டது.

அத்துடன் நிற்காமல், இதே ரைசன் 5 3600 வைத்திருக்கும் நண்பரின் கணினியில் என் கார்டைப் பொருத்திப் பார்த்தோம். நான் ஆடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை அங்கும் 1440பியில் கார்டை முழுவதுமாகப் பயன்படுத்தின. மக்கள் நெருக்கம் மிகுந்த நகரக் காட்சிகள் கொண்ட ஒரு விளையாட்டில் மட்டும் பயன்பாடு கணிசமாக இறங்கியது. அந்த ஒன்றுக்காக வேண்டுமானால் பிராசஸரை மாற்றலாம். ஆனால் அதற்கும் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தால் பெரும்பாலான பி450 போர்டுகளில் இயங்கும். பழைய பிராசஸர் பொருத்தியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். தயாரிப்பு நிறுவனம் வெளியிட்டுள்ள பட்டியலில் என் போர்டுக்கு நேராக அந்தப் பெயர் இருக்கிறது. எந்தப் பிராசஸரும் ஏறாது என்று விற்பனையாளர் சொன்னது அப்பட்டமான பொய்.

வேலையாவது ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. 6000 வேகத்துக்கென்று விற்ற ரேம், பயாஸில் எக்ஸ்போ (ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓடவைக்கும்) அமைப்பை இயக்காததால் 4800இலேயே ஓடிக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தாலே இது தெரிந்துவிடும். உண்மையில் கேட்டிருக்க வேண்டிய பவர் சப்ளையைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இந்தக் கார்டுக்கு 650 வாட் என்பது என்விடியாவின் பரிந்துரை. முறையிடப் போனபோது, பொருத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

பிராசஸர் தடையாகவே இருக்காது என்று நான் வாதிடவில்லை. நொடிக்கு 144 ஃப்ரேமுக்கு மேல் எதிர்பார்க்கும் போட்டி விளையாட்டுகளிலும், ஏராளமான பாத்திரங்களைக் கணக்கிடும் வியூக விளையாட்டுகளிலும் பிராசஸரே முதலில் திணறும். ஒளி, நிழல்களை நிஜம்போல் கணக்கிடும் ரே டிரேசிங் பிராசஸருக்கும் சுமையைக் கூட்டுகிறது. டிஎல்எஸ்எஸ் போன்றவை உள்ளே குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவதால், கார்டின் சுமை குறைந்து பிராசஸரின் எல்லை வெளிப்படும். ஆகவே நீங்கள் ஆடும் விளையாட்டில், உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷனில், வி-சிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் நிறுத்திவிட்டு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற கருவியால் அளந்து பாருங்கள். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் ஓடினால் பிராசஸரைத் தொட வேண்டாம். அதற்கு வெகுவாகக் கீழே இருந்தால் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் ஃப்ரேம் கூடவில்லை என்றால் பெரும்பாலும் தடை பிராசஸரில்தான். பிராசஸரின் மொத்தப் பயன்பாடு முப்பது, நாற்பது சதவீதம் என்று காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பிராசஸருக்குள் உள்ள பல கோர்களில் (கணிப்புப் பிரிவுகளில்) ஒரே ஒரு கோர் முழுச் சுமையில் இருந்தாலும் விளையாட்டு தடைபடும்.

கடையிலேயே சோதித்துக் காட்டுகிறோம் என்றால், அமைப்புகள் பக்கத்தை முதலில் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கார்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அப்படியே பிராசஸரை மாற்ற நேர்ந்தாலும், புதியதை ஒப்பிட்டுப் பார்த்து முடிக்கும் வரை பழைய பிராசஸரையும் போர்டையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.