கடலூர்ப் புழுக்கத்துக்கு இலவம் பஞ்சா, ஃபோமா?

பெரியவர்களுக்குத் தினமும் 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும், அது குறைந்துகொண்டே போனால் பிரஷர், சர்க்கரை, எடை என்று ஒவ்வொன்றாக வந்து சேரும் என்பதெல்லாம் தெரிந்த கதைதான். படுக்கை சரியில்லாமல் நடுராத்திரியில் புரண்டுகொண்டிருப்பவருக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மெத்தையை மாற்ற வேண்டி வந்தபோது தேங்காய் நார், ஃபோம், இலவம் பஞ்சு மூன்றையும் பார்த்துவிட்டு இலவம் பஞ்சுக்கே போனோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

தேங்காய் நார் மெத்தை முதுகை விறைப்பாகத் தாங்கும், காற்றும் போய்வரும். ஆனால் தினமும் படுக்கிற இடத்தில் மட்டும் நார் அமுங்கிப் பள்ளம் விழுந்துவிட்டால் சரிசெய்ய வழியில்லை. எங்கள் பழைய மெத்தை அந்த ரகம்தான்.

ஃபோம் சொகுசு. கட்டி தட்டாது, பக்கத்தில் படுத்தவர் புரண்டாலும் தெரியாது. சிக்கல் சூடுதான். தூக்கம் பிடிக்க உடம்பின் உள் வெப்பம் கொஞ்சம் இறங்கியாக வேண்டும். அந்தச் சூடு தோல் வழியாகத்தான் வெளியேறும். உடம்போடு ஒட்டி அமுங்கும் ஃபோம், அதிலும் மெமரி ஃபோம், முதுகுப் பக்கச் சூட்டை எளிதில் விடாது. ஏசி ஓடும் அறையில் இது பெரிதாகத் தெரியாது. கடல்காற்று நின்றுபோன மே மாத ராத்திரியில் ஃபேனை மட்டும் நம்பிப் படுத்தால், முதுகு நனைந்து விழிப்பு வந்துவிடும்.

சரி, சூட்டுக்குக்கூட மெத்தை மேல் ஒரு கோரைப்பாய் விரித்துச் சமாளிக்கலாம். எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே ஈரம் கோத்துக்கொள்ளும் ஊரில் மெத்தை எம்மாத்திரம்? அந்த ஈரத்தில்தான் தூசி உண்ணி பெருகும். நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சாப்பாடு. ஒவ்வாமை உள்ளவருக்கு விடிந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, சிலருக்கு இழுப்பு. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அது தாக்குப்பிடிக்காது. கடலோரத்தில் அதற்கு எங்கே போவது? மெத்தையை வெயிலில் காயப்போடுவதுதான் நமக்குக் கைகொடுக்கும்.

8 அங்குல இரட்டை ஃபோம் மெத்தையை மாடிப்படித் திருப்பத்தில் ஏற்றிப் பாருங்கள், தெரியும். ஏற்றினாலும் நேர் வெயில் ஃபோமை மஞ்சளாக்கி, நாளாவட்டத்தில் பொடியாக்கும். கடைக்காரர் “பத்து வருஷம் வாரண்டி சார்” என்று நீட்டிய அட்டையில், கறை பட்டால் செல்லாது என்று பொடி எழுத்தில் இருந்தது.

இலவம் பஞ்சில் இரட்டைக் கட்டிலுக்கு இரண்டு ஒற்றை மெத்தையாகத் தைக்கச் சொன்னோம். ஒருவரே மடித்துத் தோளில் போட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோகலாம். இலவ இழையின் உள்ளே வெற்றுக்குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரைச் சட்டென்று இழுக்காது. காலையில் போட்டு மதியம் ஒருமுறை புரட்டிவிட்டால் சாயங்காலம் உப்பலாக இருக்கும். “வெயில் காட்டினா கட்டியெல்லாம் தானா விட்டுடும் சார்” என்றார் தைத்துக் கொடுத்தவர். பெரும்பாலும் விடுகிறது, மிச்சத்தைக் கையால்தான் தட்ட வேண்டும். பஞ்சு தட்டையானால் பிரித்து உதறி, புதுப் பஞ்சு கொஞ்சம் சேர்த்து, புது உறையில் அடைத்துக்கொள்ளலாம். பள்ளம் விழுந்த ஃபோமைப் பழைய இரும்புக்காரர்கூட வாங்க மாட்டார்.

வாங்கும்போது ஒரு ஓரத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். இலவம் பட்டுப்போல வழுக்கும், மில் கழிவு கலந்திருந்தால் சொரசொரக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் பஞ்சு பிரிக்கும் இடத்தில் நிற்க வேண்டாம். முதுகுத்தண்டில் பிரச்சினை என்றால் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், என் அனுபவம் அதற்குப் போதாது. லேடெக்ஸ் மெத்தையில் உறவினர் வீட்டில் படுத்ததோடு சரி.

அப்புறம், இலவம் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். கட்டிலுக்கடியில் கொசுவத்திச் சுருள் வைக்கிற வீடாக இருந்தால், மெத்தை வருவதற்கு முன்பே கொசுவலை வாங்கிவிடுங்கள்.