போஷன் டிராக்கர்: ஆப்பை விட அதைச் சுற்றியுள்ள கெடுபிடிதான் படுத்துகிறது

போஷன் டிராக்கர் என்பது அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளின் வளர்ச்சியையும் சத்துணவு வழங்கலையும் பதிவு செய்யும் மத்திய அரசின் ஆப். 2021 மார்ச்சில் வந்த இந்த ஆப் இல்லாமல் இன்று அங்கன்வாடியில் எதுவும் நகராது. நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பிறந்த தேதியைப் போட்டால் வயதைத் தானே கணக்கிட்டு, எடை, உயரத்தை வைத்துக் குழந்தையின் நிலையைக் காட்டிவிடும். வரைபடத்தில் கையால் புள்ளி வைக்கும் வேலை மிச்சம். ஆனால் பல மையங்களில் பதிவேடும் தொடர்வதால் ஒரே விவரத்தை இரண்டு தடவை எழுத வேண்டியிருக்கிறது.

உண்மையான தலைவலி முகப்பதிவு, அதாவது மாவு வாங்க வருபவர் அவர்தானா என்று போன் கேமராவில் முகத்தைப் பிடித்துச் சரிபார்ப்பது. 2025 ஜூலை முதல் சத்துமாவு கொடுக்க இது கட்டாயம். முதலில் ஆதார் சரிபார்ப்பு, அதற்கு ஓடிபி. ஆதாரில் உள்ள போன் எண் பெரும்பாலும் கணவருடையது; அவர் வேலைக்குப் போயிருப்பார். போன் போட்டு அவர் ஓடிபியைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். அதைத் தாண்டினாலும் டவர் இல்லை, வெளிச்சம் போதவில்லை, பழைய போன் திணறுகிறது. கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கும் தாய் திட்டுவது ஆப்பை அல்ல, எதிரே நிற்கும் பணியாளரை. மாலையில் மேற்பார்வையாளர் கேட்பதோ எத்தனை சதவீதம் முடிந்தது என்பது மட்டும். தன் கையில் இல்லாத ஒன்றுக்குத் தினமும் பதில் சொல்வதுதான் ஆளைச் சோர்வாக்குகிறது. முகப்பதிவு வருவதற்கு முன்பே, 2021-இல் மகாராஷ்டிரப் பணியாளர்கள் அரசு கொடுத்த போனையே திருப்பிக் கொடுத்தார்கள். ரிப்பேர் செலவு கையைக் கடித்தது. அப்போது ஆப்பில் மராத்தியும் சரியாக இருக்கவில்லை.

அவசரம் அளவீட்டையும் கெடுக்கும். இரண்டு வயதுக்குள் படுக்க வைத்துத்தான் நீளம் எடுக்க வேண்டும். நிற்க வைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. குறையும், எல்லையில் இருக்கும் குழந்தை 'குள்ளம்' பட்டியலில் விழுந்துவிடும். பிறகு அதற்கும் விளக்கம் கேட்பார்கள்.

பணியாளர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி தருகிற வழிகள் உண்டு. ஆதார் சரிபார்ப்பை மாவு கொடுக்கும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். கணவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து முன்கூட்டியே முடியுங்கள். முகத்தைப் பிடிக்கும்போது ஜன்னல் தாயின் முதுகுப் பக்கம் இருக்கக் கூடாது, முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். பதிவு எல்லாம் ஏறிவிட்டதா என்று பார்க்காமல் ஆப்பை அழித்துத் திரும்ப ஏற்றாதீர்கள். பிழை வந்தால் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றைக்கே மேற்பார்வையாளருக்கு அனுப்புங்கள். வாயால் சொன்னது மாதக் கூட்டத்தில் எடுபடாது.